பிரசவம் சட்டென்று நடந்துவிடும், ஜிபிஎஸ் பாசிட்டிவ் வேறு: ஸ்வாப் எடுப்பதிலிருந்து குழந்தையின் 48 மணி நேரம் வரை

என் மூத்தவள் பிறந்தபோது, முதல் வலி வந்ததிலிருந்து அவள் அழுத சத்தம் கேட்கும்வரை நான்கு மணி நேரம்தான். தலைப்பிரசவத்துக்கு இது அதிசயம் என்று வார்டே பேசியது. "குடுத்து வச்சவ" என்றார் பக்கத்துக் கட்டில் பெண்ணின் அம்மா. இரண்டாவது தடவை 37-வது வாரத்தில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுக்கும் மாதிரி) ரிப்போர்ட் வந்தது. குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சுருக்கமாக ஜிபிஎஸ் என்கிற கிருமி வளர்ந்திருக்கிறது என்று போட்டிருந்தது. அன்றைக்கு அந்தக் கொடுப்பினையே எனக்குக் கவலையாகிவிட்டது. இந்தக் கிருமிக்கான மருந்து, குழந்தை பிறப்பதற்கு நான்கு மணி நேரம் முன்னதாகவாவது அம்மாவின் ரத்தத்தில் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது கணக்கு. தலைப்பிரசவமே நான்கு மணி நேரம் என்றால் இரண்டாவதுக்கு எங்கே போவது அந்த நேரத்துக்கு?

நான் டாக்டர் இல்லை. மடிப்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு மயிலாப்பூரில் பிரசவம் பார்த்துக்கொண்டவள். நான் செய்ததையும், செய்யாமல் விட்டதையும், பிறகு தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். மருந்தின் அளவுகளையும் சொல்லியிருக்கிறேன். அவை உங்கள் ஃபைலில் எழுதியிருப்பதை நீங்கள் படித்துப் புரிந்துகொள்வதற்காக மட்டும். முடிவு உங்கள் டாக்டருடையது.

இந்தக் கிருமி என்ன செய்யும்

ஜிபிஎஸ் குடலிலும் பிறப்புறுப்பிலும் சும்மா குடியிருக்கும் கிருமி. அம்மாவுக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. இது பால்வினை நோயும் இல்லை, சுத்தக்குறைவால் வருவதும் இல்லை. ரிப்போர்ட்டைப் பார்த்துக் கணவர்மேல் சந்தேகப்பட்டு அழுத ஒரு பெண்ணை எனக்குத் தெரியும், அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குழந்தை வெளியே வரும் வழியில், அல்லது பனிக்குடம் உடைந்த பிறகு, கிருமி அதற்குத் தொற்றலாம். மருந்து எதுவும் கொடுக்காவிட்டால், கிருமி உள்ள அம்மாக்களின் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரின் உடம்பில் அது ஒட்டிக்கொள்ளும். அவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நூற்றில் ஒன்று அல்லது இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் ரத்தத்தில் தொற்று, நிமோனியா, மூளைக்காய்ச்சல் என்று போகும். அது அபூர்வம்தான், ஆனால் வந்தால் மணிக்கணக்கில் முற்றிவிடும்.

வலி வந்த பிறகு நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவில் 1996-இல் இதற்கு வழிகாட்டுதல் வந்தது. 2002-இலிருந்து எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஸ்வாப் எடுக்கச் சொன்னார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆயிரம் பிரசவத்துக்கு 1.8 என்று இருந்த பச்சிளங்குழந்தைத் தொற்று, 2015-இல் 0.23 ஆகக் குறைந்தது. இங்கிலாந்தில் எல்லோருக்கும் எடுப்பதில்லை, ஆபத்துக் காரணம் உள்ளவர்களுக்கு மட்டும் மருந்து கொடுக்கிறார்கள். நம் ஊரில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பழக்கம் மாறும். ஆகவே உங்கள் டாக்டர் தானாகச் சொல்லவில்லை என்றால் நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டியதுதான்.

ஸ்வாப்: எந்த வாரம், எந்த இடம்

36 வாரம் முடிந்ததிலிருந்து 37 வாரம் 6 நாளுக்குள் எடுப்பது சரியான நேரம். ரிப்போர்ட் ஐந்து வாரத்துக்குச் செல்லும். கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை என்பதால் கைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். போன பிரசவம் சீக்கிரம் நடந்தது என்றால் 36 முடிந்த உடனே எடுத்துவிடுங்கள், 38-வது வாரம்வரை தள்ளாதீர்கள்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. வெள்ளைப்படுதலுக்கு எடுப்பதுபோல் உள்ளே ஆழத்தில் எடுக்கும் ஸ்வாப் இதற்குப் போதாது. பிறப்புறுப்பின் வாயருகிலும், பிறகு ஆசனவாயிலும் எடுக்க வேண்டும். லேபுக்கு அனுப்பும் சீட்டில் ‘ஜிபிஎஸ் பார்க்க’ என்று எழுத வேண்டும். அப்போதுதான் இந்தக் கிருமியை வளர்க்கும் தனி ஊட்டக் கரைசலில் போடுவார்கள். சாதாரண கல்ச்சராகப் போனால் இருக்கிற கிருமியும் இல்லை என்று வரலாம். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நான் சிஸ்டரிடம் மெல்லமாகக் கேட்டேன், "ரெண்டு இடத்துலயும் எடுப்பீங்களா சிஸ்டர்?" அவர் சிரித்துக்கொண்டே, "படிச்சிட்டு வந்திருக்கீங்களா? எடுத்துடறேன்" என்றார். அவ்வளவுதான்.

பெனிசிலின் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். கிளிண்டாமைசினுக்குக் கிருமி அடங்குமா என்று லேப் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். பிறகு சொல்லிப் பயனில்லை.

இரண்டு பேருக்கு ஸ்வாப்பே தேவையில்லை, நேராக மருந்துதான். இந்தக் கர்ப்பத்தில் எப்போதாவது சிறுநீர்க் கல்ச்சரில் ஜிபிஎஸ் வந்தவர்கள் ஒருவர். முந்தைய குழந்தைக்கு ஜிபிஎஸ் தொற்று வந்தவர்கள் மற்றவர். மூன்றாம் மாதத்தில் வந்த யூரின் ரிப்போர்ட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஃபைலைப் புரட்டிப் பாருங்கள்.

பாசிட்டிவ் என்று வந்ததும் "அப்போ இப்பவே மாத்திரை போட்டு அழிச்சிடலாமே" என்று வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். என் மாமியாரும் கேட்டார். பயன் இல்லை. மாத்திரை நிறுத்திய பிறகு குடலிலிருந்து கிருமி மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். மருந்தின் வேலை பிரசவ நேரத்தில் மட்டும்தான்.

அந்த நான்கு மணி நேரத்தை எப்படிப் புரிந்துகொள்வது

எனக்கு மிகப் பெரிய மன உளைச்சல் தந்தது இந்த எண்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பெனிசிலின், ஆம்பிசிலின், செஃபசோலின் மூன்றில் ஒன்று, பிறப்பதற்கு நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ முன்பு தொடங்கியிருந்தால் ‘போதுமான அளவு கிடைத்தது’ என்று குழந்தை டாக்டர்கள் கணக்கில் எழுதுவார்கள். நான் இதை ரயில் நேரம்போல் எண்ணிக்கொண்டிருந்தேன், 3 மணி 59 நிமிடத்தில் பிறந்தால் ரயில் போய்விட்டது என்று. அது அப்படி இல்லை. மருந்து ஏறிய நிமிடத்திலிருந்தே வேலை தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்திலேயே கிருமியின் எண்ணிக்கை கணிசமாகக் குறைவது தெரிந்திருக்கிறது. ஆகவே வேகமான பிரசவத்தில் நோக்கம் நான்கு மணி நேரத்தைப் பிடிப்பது இல்லை. வாசலில் இறங்கியதற்கும் முதல் டோஸ் ஏறுவதற்கும் இடையில் ஒரு நிமிடம்கூட வீணாகாமல் பார்த்துக்கொள்வதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. மருந்துக்கு நேரம் வேண்டும் என்று பிரசவத்தைப் பிடித்து நிறுத்தக் கூடாது, அவசர சிசேரியனையும் தள்ளிப்போடக் கூடாது. "முக்காத, மருந்து ஏறட்டும்" என்று யாராவது சொன்னால் அது தவறு.

37-வது வாரத்தில் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

ஒரே விசிட்டில் எல்லாவற்றையும் கேட்க முடியாது. வெளியே நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போனேன்.

முதலில், போன பிரசவத்தின் நேரக் கணக்கை நீங்களே சொல்லுங்கள். முறையான வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் பிறப்பதைத்தான் மிக வேகமான பிரசவம் என்கிறார்கள். ஒருமுறை வேகமாக நடந்தால் அடுத்த முறையும் அப்படி நடக்க வாய்ப்பு அதிகம். ‘சுகப்பிரசவம்’ என்று மட்டும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும், எத்தனை மணி நேரம் என்று பெரும்பாலும் இருக்காது.

அடுத்து, எந்த மருந்து, எவ்வளவு. பெனிசிலின் என்றால் முதல் டோஸ் 50 லட்சம் யூனிட், பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 25 முதல் 30 லட்சம் யூனிட், குழந்தை பிறக்கும்வரை. ஆம்பிசிலின் என்றால் முதலில் 2 கிராம், பிறகு நான்கு மணிக்கு ஒருமுறை 1 கிராம். ஆம்பிசிலினைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெதுவாக ஏற்றிவிடலாம். அவசரக்காரர்களுக்கு அது ஒரு வசதி. உங்கள் லேபர் வார்டில் எது எப்போதும் கைவசம் இருக்கும் என்று கேளுங்கள். நள்ளிரவில் கீழே ஃபார்மசிக்கு ஆள் ஓடுவதில் போகும் நேரமும் உங்களுடைய நேரம்தான்.

மூன்றாவது, அலர்ஜி. "எனக்குப் பெனிசிலின் ஒத்துக்காது" என்று நம்மில் பலர் சொல்வோம். என்ன ஆனது என்று கேட்டால் தெரியாது, அம்மா சொன்னார் என்போம். அம்மாவிடமே கேளுங்கள். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்ததா, உதடு முகம் வீங்கியதா, மூச்சு இழுத்ததா? அப்படியென்றால் அது தீவிரமான வகை. வயிறு கலங்கியது, பல நாள் கழித்து லேசாகப் பொரிந்தது, அல்லது அலர்ஜி இருந்தது பெரியப்பாவுக்கு என்பதெல்லாம் வேறு கதை, அவர்களுக்குப் பெரும்பாலும் செஃபசோலின் கொடுக்கலாம். முதலில் 2 கிராம், பிறகு எட்டு மணிக்கு ஒருமுறை 1 கிராம். தீவிர வகை என்றால் கிளிண்டாமைசின், அதற்கும் கிருமி அடங்காது என்றால் வான்கோமைசின். வான்கோமைசினை மெதுவாகத்தான் ஏற்ற முடியும், அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இந்த இரண்டையும் குழந்தை டாக்டர்கள் ‘போதுமான அளவு’ கணக்கில் சேர்ப்பதில்லை. வேகமாகப் பெறுகிறவளுக்கு அலர்ஜியும் சேர்ந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. நிஜமாகவே அலர்ஜியா என்று கர்ப்ப காலத்திலேயே சோதித்துவிட முடியுமா என்று கேளுங்கள், அது பாதுகாப்பாகச் செய்யக்கூடியதுதான்.

நான்காவது, நான் கேட்காமல் விட்டது: டெஸ்ட் டோஸ். பெனிசிலின் வகை மருந்து என்றால் நம் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் முன்கையில் தோலுக்கடியில் துளி மருந்து போட்டு, பேனாவால் சுற்றி வட்டம் வரைந்து, தடிக்கிறதா என்று காத்திருந்து பார்ப்பார்கள். சாதாரண நாளில் அது நல்ல பழக்கம். அன்று இரவு எனக்கு அதில் 25 நிமிடம் போனது. போன வருஷம் பல் வலிக்கு அமாக்ஸிசிலின் ஒரு கோர்ஸ் முழுக்க சாப்பிட்டவள் நான், ஒன்றும் ஆகவில்லை. அதை முன்பே சொல்லியிருந்தால், டெஸ்ட் வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் ஃபைலில் எழுதியிருப்பார். டியூட்டியில் இருந்த சின்னப் பெண்ணால் அந்த நேரத்தில் தானாக முடிவெடுக்க முடியவில்லை. அவள்மேல் தப்பில்லை.

கடைசியாக, தேதி வைத்து வலி வரவழைப்பது. வீடு தூரம், போன பிரசவம் மிக வேகம், ஜிபிஎஸ் பாசிட்டிவ் என்று மூன்றும் சேர்ந்தால் 39 வாரத்துக்குப் பிறகு முன்கூட்டியே சேர்ந்து, மருந்தை முதலில் ஏற்றிவிட்டு வலி வரவழைக்கலாமா என்று சில டாக்டர்கள் யோசிப்பார்கள். எல்லோருக்கும் பொருந்தாது. எனக்கு வேண்டாம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுத்தோம். அது சரியான முடிவா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

சிசேரியன் என்று ஏற்கெனவே முடிவாகி, வலியும் வராமல் பனிக்குடமும் உடையாமல் ஆபரேஷன் நடந்தால் ஜிபிஎஸுக்கென்று தனி மருந்து வேண்டியதில்லை. ஆனால் தேதிக்கு முன்பே வலி வந்துவிட்டால் கதை மாறும். அவர்களும் ஸ்வாப் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஃபைல் அட்டையில் ஒட்டிய சீட்டு

இரவு இரண்டு மணிக்கு உங்கள் டாக்டர் வாசலில் நிற்கமாட்டார். உங்களைப் பார்த்தே இராத டியூட்டி டாக்டர்தான் இருப்பார். நூறு பக்க ஃபைலில் ஸ்வாப் ரிப்போர்ட்டை அவர் தேட முடியாது. ஆகவே நான் ஃபைலின் மேல் அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய சீட்டை ஒட்டினேன்:

"ஜிபிஎஸ் பாசிட்டிவ் (ஸ்வாப் 36 வாரம் 4 நாள்). முதல் பிரசவம் மொத்தம் 4 மணி நேரம். மருந்து அலர்ஜி இல்லை. வந்தவுடன் வென்ஃப்ளான், ஆம்பிசிலின் 2 கிராம்."

வென்ஃப்ளான் என்பது மருந்து ஏற்றுவதற்காக நரம்பில் போட்டுவைக்கும் ஊசிக்குழாய். கீழே டாக்டரின் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். கையெழுத்து இல்லாமல் நாம் எழுதியதை யாரும் மதிக்கமாட்டார்கள். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து, கணவர் போன், அம்மா போன் இரண்டிலும் வைத்தோம். ஃபைல் வீட்டில் மறந்துபோனால் அது காப்பாற்றும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தாலும் காப்பாற்றும். கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது கிடைத்த பிக்மி எண்ணையும் அதோடு எழுதி வையுங்கள், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள்.

வழியும் வண்டியும்

சென்னையில் எட்டு கிலோமீட்டர் என்றால் இருபது நிமிடமாகவும் இருக்கலாம், ஒன்றரை மணி நேரமாகவும் இருக்கலாம். மடிப்பாக்கத்தில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து வைத்திருந்தார்கள். மயிலாப்பூரில் லஸ் பக்கமும் அதே கதை. என் கணவர் 36-வது வாரத்திலிருந்து இரண்டு வழியையும் ஓட்டிப் பார்த்தார், ஒருமுறை காலை ஒன்பது மணிக்கு, ஒருமுறை இரவு பதினொன்றுக்கு. காலை ஒன்பதுக்கு 70 நிமிடம். அந்த நேரத்தில் வலி வந்தால் மயிலாப்பூர் வேண்டாம், வேளச்சேரியில் இன்னொரு ஆஸ்பத்திரி என்று அன்றே முடிவு செய்தோம். அங்கே ஒருமுறை போய், பிரசவ வார்டு 24 மணி நேரமும் உண்டா, குழந்தை டாக்டர் இரவில் இருப்பாரா என்று கேட்டு வந்தோம்.

ஐப்பசி கார்த்திகையில் தேதி வருகிறது என்றால் இது இன்னும் முக்கியம். ஒரு நல்ல மழைக்கு சப்வேக்கள் மூடும், வேளச்சேரியும் மடிப்பாக்கமும் முழங்கால் தண்ணீரில் நிற்கும். புயல் எச்சரிக்கை வந்தால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு, இரண்டாவதுக்கு மாமியார் வீடு என்ற வழக்கமெல்லாம் இங்கே இரண்டாம்பட்சம். எந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பக்கம் என்பதுதான் கேள்வி.

கேப் ஆப்பை நம்ப வேண்டாம். இரவில் புக் ஆகும், வந்துகொண்டே இருக்கும், பிறகு கேன்சல் ஆகும். தெரிந்த ஆட்டோக்காரர் நம்பர் ஒன்று, பக்கத்து வீட்டுக் கார் ஒன்று என்று இரண்டு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். முக்கும் உணர்வு வந்துவிட்டது என்றால் இரண்டுமே வேண்டாம், 108 தான். அவர்களுக்குப் பிரசவம் பார்க்கப் பயிற்சி உண்டு. எழும்பூர், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் போன்ற அரசு மகப்பேறு மருத்துவமனைகளில் எந்த நேரத்திலும் பிரசவம் பார்ப்பார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் பதிந்திருக்கிறோமே என்று அவற்றைத் தாண்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

வலி வந்த இரவு

எனக்கு 2:10-க்கு விழிப்பு வந்தது. இடுப்பில் ஒரு பிடி. எட்டு நிமிடத்தில் இன்னொன்று. மாமியார் எழுந்து வந்தார். "சூட்டு வலியா இருக்கும்மா, சீரகக் கஷாயம் வெச்சுத் தரேன், குடிச்சுப் பாரு. சூட்டு வலின்னா அடங்கிடும்" என்றார். அது தப்பான யோசனை என்று சொல்லமாட்டேன். தலைப்பிரசவக்காரிக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து பார்ப்பதில் பெரும்பாலும் நஷ்டமில்லை. வேகமாகப் பெறுகிற, ஜிபிஎஸ் உள்ள பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் மருந்தின் நேரம். "கஷாயத்த ஃபிளாஸ்க்ல ஊத்திக் குடுங்க அத்தை, வண்டியில குடிக்கிறேன்" என்றேன். குடிக்க நேரமில்லை, ஆனாலும் அவர் மனம் நோகவில்லை. பொய் வலியாக இருந்தால் திரும்பி வந்துவிடலாம். இரண்டு தடவை திரும்பி வந்தாலும் பரவாயில்லை.

முதல் பிரசவத்துக்குச் சொல்லும் ‘ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி’ கணக்கு நமக்கு இல்லை. வலி ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்ததும் கிளம்ப வேண்டும் என்று என் டாக்டர் சொல்லியிருந்தார். பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே கிளம்ப வேண்டும். ஜிபிஎஸ் உள்ளவர்கள் வீட்டில் உட்கார்ந்து வலிக்குக் காத்திருக்கக் கூடாது. உடைந்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள், தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் போனிலேயே சொல்லிவிடுங்கள். ராகு காலம், எமகண்டம் பார்க்கிற வீடாக இருந்தால், இந்த விஷயத்தில் பார்ப்பதில்லை என்று ஒன்பதாம் மாதத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். வலியோடு வாசலில் நின்று வாதாட முடியாது.

கிளம்பும்போதே லேபர் வார்டுக்குப் போன் செய்யுங்கள். ரிசப்ஷனுக்கு இல்லை, லேபர் வார்டு எக்ஸ்டென்ஷனுக்கு. கணவர் சொன்னது இதுதான்: "ஜிபிஎஸ் பாசிட்டிவ், ரெண்டாவது பிரசவம், போன தடவை நாலு மணி நேரம். அரை மணியில வந்துடுவோம். வென்ஃப்ளானும் ஆம்பிசிலினும் எடுத்து வையுங்க."

வாசலில் இறங்கியதும்

2:35-க்குக் கிளம்பி 3:05-க்குச் சேர்ந்தோம். இங்கேதான் நேரம் கரையும். அட்மிஷன் படிவம், முன்பணம், இன்ஷூரன்ஸ் கார்டு எல்லாவற்றையும் கவுண்டரில் ஒருவர் பார்க்கட்டும். நீங்கள் வீல்சேரில் நேராக மேலே போங்கள். கூட இரண்டு பேர் போவது இதற்காகத்தான்.

மேலே போனதும் உள்பரிசோதனை, துடிப்பு பார்க்கும் மெஷின், எனிமா வேண்டுமா என்ற கேள்வி என்று வழக்கமான வரிசை தொடங்கும். நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "முதல்ல வென்ஃப்ளான் போட்டு ஜிபிஎஸ் மருந்த ஆரம்பிச்சிடுங்க சிஸ்டர், மத்ததெல்லாம் அப்புறம்." வலிக்கு நடுவில் இதைச் சொல்லக் குரல் வராது. கூட இருப்பவர் சொல்லட்டும். 3:15-க்கு என் இடது கையில் ஊசி ஏறியது. 3:20-க்கு டெஸ்ட் டோஸ். அந்த நீல வட்டத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 3:45-க்கு முதல் டோஸ் தொடங்கியது. நேரத்தை கணவர் போனில் எழுதினார். இது அவசியம், காலையில் குழந்தை டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

பனிக்குடத்தைக் கருவியால் உடைப்பது, வலியைக் கூட்ட டிரிப்ஸ் போடுவது இரண்டும் ஏற்கெனவே வேகமாகப் போகிற பிரசவத்தை இன்னும் வேகமாக்கலாம். குழந்தை நன்றாக இருக்கிறது என்றால் கொஞ்சம் பொறுக்கலாமா என்று கேட்பதில் தவறில்லை. வேண்டும் என்று டாக்டர் சொன்னால் அதற்குமேல் மல்லுக்கு நிற்காதீர்கள்.

5:20-க்குப் பையன் பிறந்தான். மருந்துக்கும் அவனுக்கும் இடையில் 95 நிமிடம். டெஸ்ட் டோஸ் இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் கிடைத்திருக்கும்.

வண்டியிலேயே தலை தெரிந்தால்

நடக்கும். பாலத்தின் மேல் வண்டி ஓட்டிக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்ப்பதைவிட ஓரமாக நிறுத்துவது மேல். 108-க்கு அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லுவார்கள். காலைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளவோ குழந்தையை உள்ளே தள்ளவோ கூடாது. அம்மா ஒருக்களித்துப் படுக்கட்டும். தலை வரும்போது கையால் லேசாகத் தாங்கினால் போதும், இழுக்க வேண்டாம். கழுத்தில் கொடி சுற்றியிருந்தால், தளர்வாக இருக்கும்போது தலைவழியாக எடுத்துவிடலாம். பிறந்ததும் துண்டால் நன்றாகத் துடைத்து, அம்மாவின் வெற்று மார்பில் போட்டு, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள், குழந்தையின் தலையையும் மூடுங்கள். கொடியை வெட்ட வேண்டாம், பிளேடு தேட வேண்டாம். நஞ்சுக்கொடியை இழுக்கவும் வேண்டாம், தானாக வந்தால் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். காரில் இரண்டு பழைய சுத்தமான துண்டும் ஒரு பழைய வேட்டியும் 36-வது வாரத்திலிருந்தே இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், "ஜிபிஎஸ் பாசிட்டிவ், மருந்து எதுவும் ஏறவில்லை" என்று சொல்லுங்கள். பிறந்த பிறகு ஜிபிஎஸுக்காக அம்மாவுக்கு மருந்து போட்டுக் குழந்தைக்குப் பயனில்லை. இனி கவனம் முழுக்கக் குழந்தைமேல்தான்.

குழந்தையின் முதல் 48 மணி நேரம்

மருந்து போதவில்லை என்றால் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. முழு மாதத்தில் பிறந்து, நன்றாக இருக்கிற குழந்தை என்றால் 36 முதல் 48 மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிப்பார்கள். அவ்வளவே. என் பையனுக்கு ஊசி எதுவும் போடவில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிஸ்டர் வந்து சூடு பார்ப்பார், ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுவார், போவார். அம்மாவுக்கு 38 டிகிரி செல்ஷியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் இருந்தது, பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம் ஆகிவிட்டது, மாதம் நிறையவில்லை என்பவை சேர்ந்தால் ரத்தப் பரிசோதனை, கல்ச்சர், சில சமயம் குழந்தைக்கே ஆன்டிபயாடிக் என்று போகலாம். அது எச்சரிக்கைக்காகவும் இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

முதல் வாரத்தில் வருகிற தொற்றில் பெரும்பகுதி முதல் நாளிலேயே அறிகுறி காட்டிவிடும். ஆகவே "அம்மாவும் குழந்தையும் நல்லாத்தானே இருக்காங்க, நாளைக்கு நல்ல நாள், கூட்டிட்டுப் போயிடலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் அவசரப்பட்டால் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த 48 மணி நேரம் முடியட்டும்.

நீங்கள் பார்க்க வேண்டியவை: மூச்சு விடும்போது முனகல், மூக்கு விடைப்பது, விலா எலும்புக்கடியில் குழி விழுவது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு. உடம்பு சுடுவது மட்டுமில்லை, சில்லென்று ஆவதும் ஆபத்துதான். பச்சிளங்குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சலே இல்லாமல் உடம்பு குளிர்ந்தும் போகும். நிறம் வெளிறுவது, நீலம் பாய்வது, ஓயாத எரிச்சலான அழுகை.

எல்லாவற்றையும்விட எளிதில் தவறிப்போவது தூக்கம். "பாரு, எவ்ளோ சமத்து, அழவே இல்ல" என்று வருகிறவர்கள் எல்லாம் மெச்சுவார்கள். பாலுக்குக்கூட எழாத, உள்ளங்காலைச் சுண்டினாலும் முகம் சுளித்துவிட்டு மறுபடி துவண்டுபோகிற குழந்தை சமத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. மணி அடித்து சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நான் ஒருமுறை அப்படிக் கூப்பிட்டேன். வெறும் தூக்கம்தான். சிஸ்டர் கோபப்படவில்லை.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், ஜிபிஎஸ் அதற்குத் தடை இல்லை. சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

பிரசவத்தில் ஏற்றிய மருந்து முதல் வாரத்துத் தொற்றைத்தான் தடுக்கும். ஏழாம் நாளிலிருந்து 89-ஆம் நாள்வரை தாமதமாக வருகிற வகை ஒன்று உண்டு, அதை எந்த மருந்தும் முன்கூட்டித் தடுப்பதில்லை. நான்கு மணி நேரம் முழுசாகக் கிடைத்தவர்களுக்கும் இது பொருந்தும். அபூர்வம்தான், ஆனால் மூளைக்காய்ச்சலாக வரக்கூடியது. ஆகவே முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்கு 100.4 தொட்டால் வசம்பு உரசுவது, கைவைத்தியம், நாளைக்குப் பார்க்கலாம் என்பதெல்லாம் கிடையாது. அன்றைக்கே, அந்த மணியிலேயே ஆஸ்பத்திரி. நெற்றியில் புறங்கை வைத்துப் பார்க்கிற கணக்கு வேண்டாம், ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். தூக்க வருகிறவர்கள் கை கழுவட்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கும்போது அங்கேயே படித்துப் பாருங்கள். எனக்குக் கொடுத்ததில் ஜிபிஎஸ் என்ற வார்த்தையே இல்லை. திரும்பக் கொடுத்து எழுதி வாங்கினேன்: ஜிபிஎஸ் பாசிட்டிவ், ஆம்பிசிலின் ஒரு டோஸ், பிறப்பதற்கு 95 நிமிடம் முன்பு, குழந்தை 48 மணி நேரம் கண்காணிக்கப்பட்டது, பிரசவ நேரம் 3 மணி 10 நிமிடம். அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பையனின் தடுப்பூசி அட்டையோடு வைத்திருக்கிறேன், ஒரிஜினல் என் ஃபைலில் இருக்கிறது.